ரீடிங்கை மாத்தி எழுதாதீங்க, ப்ளீஸ்!

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லுங்க. ஃபிசிக்ஸ் லேப்ல தனி ஊசல் பரிசோதனை செஞ்சிருப்பீங்க. புவியீர்ப்பு முடுக்கம், அதாங்க 'ஜி' மதிப்பு, 9.8 வரணும். உங்களுக்கு 11.3 வந்துச்சு. அப்போ என்ன பண்ணினீங்க? ரெக்கார்ட் நோட்டுல கடைசி வரியில முதல்ல 9.8-னு எழுதிட்டு, அதுக்குத் தோதா அலைவு நேரத்தைப் பின்னாடியிலிருந்து கணக்குப் போட்டு நிரப்பினீங்கதானே?

நோ டென்ஷன். நானும் அதே கேஸ்தான். ரீடிங் சமைக்கறதுல எங்க கிளாஸ்ல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஆனா, லேப்ல கத்துக்கிட்ட அந்தக் கெட்ட பழக்கத்தை என் தலை விஷயத்துலேயும் காட்டினேன் பாருங்க... அதுல வாங்கின அடி கொஞ்சநஞ்சமில்ல. அந்தக் கதையைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப் போறேன்.

எல்லாம் ஒரு இயர்போன்ல ஆரம்பிச்சது. 2023 ஜனவரி. பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம். திருமங்கலத்துல இருந்து மதுரை காலேஜுக்கு தினமும் பஸ். பாட்டு இல்லாம அந்தப் பயணத்தை ஓட்ட முடியுமா? ஒருநாள் இயர்போன்ல வலது பக்கம் சத்தமே இல்லை. நூறு ரூபா இயர்போன்னா இப்படித்தான்னு தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கினேன். அதுலேயும் வலது பக்கம் அவுட். கடைக்காரர்கிட்ட சண்டை போட்டு மாத்தினேன். அதுலேயும்! மூணாவது இயர்போனை என் பெஞ்ச்மேட் வாங்கித் தன் காதுல மாட்டிப் பார்த்தா. "ஏய் லூசு, ரெண்டு பக்கமும் சூப்பரா கேட்குதுடி"ன்னா.

அப்பதான் உறைச்சது. ரிப்பேர் இயர்போன்ல இல்ல, என் காதுல.

காது டாக்டரைப் பார்த்தோம். ஹெட்போன் மாட்டி 'பீப்' சத்தம் கேட்குதான்னு டெஸ்ட் எடுத்தாங்க. அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன். காதுலேர்ந்து மூளைக்குப் போற எட்டாவது நரம்புல, 'பேலன்ஸ்' பார்த்துக்கற இழை மேல ஒரு கட்டி. 2.6 சென்டிமீட்டர். பேரு 'அக்கூஸ்டிக் நியூரோமா'. வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்ற சமாச்சாரம். அதுவும் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயசைத் தாண்டினவங்களுக்கு. எனக்கு இருபது வயசுலேயே 'அட்வான்ஸ் புக்கிங்'!

நல்ல செய்தி என்னன்னா, இது புற்றுநோய்க் கட்டி இல்லை. மெதுவா வளரும். கெட்ட செய்தி, வளர வளரப் பக்கத்துல இருக்கற முக நரம்பையும் மூளைத்தண்டையும் அழுத்தும். எடுத்தே ஆகணும்னுட்டாங்க.

'அவெஞ்சர்ஸ்' படங்கள்ல ஹல்க்கா வர்ற மார்க் ரஃபலோவைத் தெரியும்ல? அவருக்கும் இதே கட்டிதான். 2001-ல ஆபரேஷன் நடந்து, இடது காது போயிருச்சு. முகம் ஒரு பக்கம் செயலிழந்து, பல மாசம் கழிச்சுத்தான் சரியாச்சு. அதுக்கப்புறம் 2012-ல ஹல்க்கா வந்து நின்னார். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நான் கும்பிட்ட சாமி லிஸ்ட்ல அவரும் உண்டு.

காப்பீட்டுத் திட்டத்துல ஒரு பகுதி கிடைச்சது. மீதிக்கு, என் கல்யாணத்துக்குன்னு அம்மா குருவி மாதிரி சேர்த்து வெச்சிருந்த எட்டு பவுன் பேங்க்ல அடகுக்குப் போச்சு. அப்பா மினி பஸ் டிரைவர். அந்த எட்டு பவுன் எத்தனை வருஷச் சேமிப்புன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ஜூன் மாசம் ஆபரேஷன். வலது காதுக்குப் பின்னாடி ஒரு கை அகலத்துக்கு முடியை மழிச்சு, எலும்புல ஜன்னல் மாதிரி திறந்து, ஏழு மணி நேரம். கட்டி போயிருச்சு. கூடவே வலது காதும் முழுசா போயிருச்சு. அது நடக்கலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. ரெண்டு மாசம் வாய் லேசா கோணியிருந்து, சரியாச்சு. வீட்டுக்கு வந்ததும் தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாங்க. 'ஆபரேஷன் சக்ஸஸ், சுபம்'னு போட்டு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க.

படம் முடிஞ்சும் தியேட்டர்லேயே உட்கார்ந்திருந்தது நானும் என் தலைவலியும்தான்.

*

இதுல ஒரு காமெடி இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்குத் தலைவலியே கிடையாது! ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாள்ல இருந்துதான் ஆரம்பம். பின் கழுத்துல கிளம்பி, தையல் போட்ட இடத்தைச் சுத்தி ஏறி, வலது கண்ணுக்குப் பின்னாடி வந்து உட்கார்ந்துக்கும். ஈரத்துணியை முறுக்கிப் பிழியறாங்களே, அந்த மாதிரி ஒரு இழுப்பு. இருமினா இழுக்கும். தும்மினா உயிர் போகும். குனிஞ்சு செருப்பு வாரை மாட்டினா அப்படியே கண்ணுல பூச்சி பறக்கும்.

'தையல் ஆறினா சரியாயிரும்'னாங்க. தையல் ஆறிச்சு. 'ஒரு மாசம் போகட்டும்'னாங்க. போச்சு. மூணு மாசமும் போச்சு.

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்'னு சொல்வாங்க. காய்ச்சலைக்கூட தெர்மாமீட்டர் வெச்சுக் காட்டிரலாம். தலைவலியை எதை வெச்சுக் காட்டறது? முடி வளர்ந்து தழும்பையும் மூடிருச்சு. ஸ்கேன்ல 'கட்டி இல்லை'ன்னு வந்துருச்சு. பார்க்கறதுக்கு நான் பக்கா ஃபிட். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குத் தலை வலிக்குது?"ன்னு கேட்கறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை.

செப்டம்பர்ல ரிவ்யூவுக்குப் போனோம். அம்மா கையில மஞ்சப் பை. அதுக்குள்ள ஸ்கேன் ஃபிலிம், ஓ.பி. சீட்டு, கூடவே நகை அடகு வெச்ச ரசீது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "சூப்பர்மா, ரொம்ப நல்லா இருக்கு. தலைவலி ஏதாவது இருக்கா?"ன்னார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. 'இருக்கு'ன்னு சொன்னா அந்த முகம் என்னாகும்? எட்டு பவுனும் வீணாப் போச்சுன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?

"லேசா... எப்பவாவது வரும் டாக்டர்."

அன்னிக்குக் காலையில வலி பத்துக்கு ஏழு. நான் சொன்னது ரெண்டு. அதுதான் நான் மாத்தி எழுதின முதல் ரீடிங்.

*

ஒரு ரீடிங்கை மாத்தினா அதுக்குத் தகுந்த மாதிரி மத்த எல்லாத்தையும் மாத்தணும். லேப்ல பார்த்திருப்பீங்க. வாழ்க்கையிலேயும் அதேதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல்ல '650 ஒரு அட்டை' வாங்க ஆரம்பிச்சேன். எந்தக் கேள்வியும் கேட்காமக் கொடுப்பாங்க. காலையில எழுந்திருக்கும்போதே வலி. ஒரு மாத்திரை. மூணு மணி நேரம் தாங்கும். மதியம் லேபுக்கு முன்னாடி ஒண்ணு. மூணாவது வருஷ லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கே, அது எனக்குன்னே கண்டுபிடிச்ச சித்திரவதை. இருட்டு ரூம். சோடியம் விளக்கோட மஞ்சள் வெளிச்சம். கழுத்தைக் குனிஞ்சு, ஒத்தைக் கண்ணால டெலஸ்கோப்புக்குள்ள பார்த்துட்டே நிக்கணும். பத்தே நிமிஷத்துல பின் மண்டை கிண்ணுன்னு ஆயிரும். 'பாத்ரூம் போயிட்டு வர்றேன் மேம்'னு வெளியே வந்து, தண்ணி டேங்க் பக்கத்துல இன்னொரு மாத்திரை.

வீட்டுல "எப்படித்தா இருக்கு?"ன்னு அம்மா கேட்டா, "ஒண்ணுமில்லம்மா, சூப்பரா இருக்கேன்." கேன்டீனுக்குக் கூப்பிட்டா, "அசைன்மென்ட் இருக்குடி." எங்க கேன்டீன் சத்தம் உங்களுக்குப் புரியும். ரெண்டு காது இருக்கறவங்களுக்கே மண்டையைப் பிளக்கும். ஒத்தைக் காதுக்கு எந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது. எல்லாம் ஒரே குழம்பா வந்து தலையில கொட்டும்.

என் பெஞ்ச்மேட் எப்பவும் என் வலது பக்கம்தான் உட்காருவா. முதல் வருஷத்துல இருந்தே அப்படித்தான். அவ ஏதோ சொல்வா, எனக்குக் கேட்காது. திரும்பிப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்காது. அவ அதைத் திமிருன்னு எடுத்துக்கிட்டா. "ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து நீ ஆளே மாறிட்டடி"ன்னுட்டு நவம்பர்ல பெஞ்ச் மாறி உட்கார்ந்துட்டா. 'எனக்கு அந்தப் பக்கம் கேட்காதுடி, கழுத்து வலிக்குதுடி'ன்னு ரெண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னா நான்தான் 'சூப்பரா' இருக்கேனே!

வலியைவிட அதை மறைக்கறதுதாங்க பெரிய வேலை. முழுநேர வேலை. சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

*

2024 ஜனவரி. பொங்கல் லீவு. எங்க வீட்டுல எல்லாரும் ஹால்லதான் படுப்போம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வலி தாங்காம எழுந்து, இருட்டுலேயே தலையணைக்கு அடியில கையை விட்டு, அட்டையில இருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினேன். சத்தம் வராம மெதுவாத்தான். முழுங்கிட்டுப் படுத்தேன்.

"இது இன்னிக்கு நாலாவதுத்தா"ன்னு அம்மா குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அம்மா எழுந்து லைட்டைக்கூடப் போடல. இருட்டுலேயே பேசினாங்க. "தினமும் ராத்திரி 'டப்பு டப்பு'ன்னு சத்தம் கேட்குது. நீ எந்திரிச்சா நானும் எந்திரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்..."

என் லட்சணத்தைப் பாருங்க. தையல் போட்ட பக்கம் வலிக்கும்னு நான் எப்பவும் இடது பக்கமாப் படுப்பேன். எனக்கு இருக்கற ஒரே நல்ல காது தலையணைக்குள்ள புதைஞ்சிருக்கும். கொஞ்சம் தலையைத் தூக்கினாலும் அரைகுறையாத்தான் கேட்கும். அந்த அட்டை சத்தமே போடலைன்னு அஞ்சு மாசமா நான் நம்பிக்கிட்டிருந்தேன். வீடு முழுக்க அது கேட்டிருக்கு, எனக்கு மட்டும்தான் கேட்கல!

"ஏம்மா, தெரிஞ்சும் ஏன் கேட்கல?"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "கேட்டா நீ ஆமான்னு சொல்லிட்டேன்னா? அதான் பயந்துட்டுக் கேட்கல. ஊரெல்லாம் எம்புள்ளைக்கு நல்லாயிருச்சுன்னு சொல்லிட்டேன்."

ஆக, அந்த வீட்டுல ரீடிங்கை மாத்தி எழுதினது நான் மட்டும் இல்லை.

*

லீவு முடிஞ்ச முதல் நாளே ஆஸ்பத்திரி. டாக்டர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அம்மா முந்திக்கிட்டாங்க. "டாக்டர், இவ போன தடவை பொய் சொல்லிட்டா. நானும் தெரிஞ்சே சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் சிரிக்கலை, திட்டவும் இல்லை. காலி அட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னார். பையில இருந்ததையெல்லாம் கொட்டினேன். போன முப்பது நாள்ல எத்தனை நாள் மாத்திரை போட்டேன்னு நாட்காட்டியை வெச்சு எண்ணிப் பார்த்தோம். 22 நாள்.

அப்புறம் அவர் பொறுமையா ஒரு பாடமே நடத்தினார். உங்களுக்கும் உதவும், கேட்டுக்கோங்க.

மூளைக்கு வலியே தெரியாதாம்! வலியை உணர்ற நரம்பு முனைகள் மூளைத் திசுவுல கிடையாது. அதனாலதான் சில மூளை ஆபரேஷன்களை நோயாளி முழிச்சுப் பேசிட்டிருக்கும்போதே பண்ண முடியுது. வலிக்கறது மூளையைச் சுத்தியிருக்கற உறை, ரத்தக்குழாய், தலைத்தோல், தசை, இதுகள்தான். எனக்குத் திறந்த இடம் பின் கழுத்துத் தசைகள் வந்து ஒட்டற இடம். அங்கே தசையை வெட்டி விலக்கித்தான் உள்ளே போகணும். ஆறும்போது தசையும் தழும்பும் உறையோட ஒட்டிக்கிட்டா, கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் இழுக்கும். பின் மண்டைக்குப் போற நரம்பு தழும்புல மாட்டினாலும் வலிக்கும். இந்தப் பக்கமாத் திறந்து பண்ற ஆபரேஷன்ல இது டாக்டர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். ஆபரேஷனுக்கு அப்புறம் ஏழு நாளைக்குள்ள ஆரம்பிச்சு, மூணு மாசத்தைத் தாண்டியும் தொடர்ந்தா அதுக்குத் தனியா ஒரு பேரே வெச்சிருக்காங்க. அதாவது, எனக்கு வந்தது கற்பனை இல்லை. ஆபரேஷன் தோத்ததுன்னும் அர்த்தம் இல்லை.

இதைக் கேட்டதும் அம்மா மஞ்சப் பையை மடியில வெச்சுக்கிட்டு அழுதாங்க. எட்டு பவுனும் வீணாப் போகலை!

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு ஷாக். வலி மாத்திரையே தலைவலியை உண்டாக்குமாம். ஏற்கெனவே தலைவலித் தொந்தரவு இருக்கறவங்க, சாதாரண பாரசிட்டமாலை மாசத்துக்கு 15 நாள் அல்லது அதுக்கு மேல, மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து போட்டா இந்தச் சுழல்ல மாட்டிக்கலாம். ரெண்டு மூணு மருந்து கலந்த தலைவலி மாத்திரைன்னா 10 நாளே போதும். மாத்திரை போடறோம், வலி குறையுது, மாத்திரை இறங்கினதும் வலி திரும்ப வருது, திரும்ப மாத்திரை... ஆபரேஷன் கொடுத்த வலி பாதி, மறைச்சு மறைச்சு நான் முழுங்கினது கொடுத்தது பாதி!

"ஃபிசிக்ஸ்தானே படிக்கறே? ஒரு ரெக்கார்ட் நோட்டு போடு. தினமும் ரீடிங் எடு. ஆனா, ஒரு கண்டிஷன்... வந்ததை வந்தபடி எழுதணும்"னார் டாக்டர்.

இந்த மனுஷனுக்கு நம்ம லேப் ரகசியமெல்லாம் எப்படித் தெரியும்னு யோசிச்சுட்டே வெளியே வந்தேன்.

*

நிஜமாவே ரெக்கார்ட் நோட்டுதான் வாங்கினேன். 'நோக்கம்: தலைவலியின் அளவைக் கண்டறிதல்'னு தலைப்புப் போட்டேன். அட்டவணையில ஆறு கட்டம். தேதி, வலி பத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம், எத்தனை மணி நேரம் தூங்கினேன், அதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தேன், மாத்திரை உண்டா இல்லையா.

டாக்டர் சொன்ன முறைப்படி வலி மாத்திரையை நிறுத்தினேன். முதல் பத்து நாள் நரகம்னா நரகம். ஒன்பது, எட்டு, ஒன்பதுன்னு ரீடிங். அம்மா ஈரத்துணியை நெத்தியில போட்டுட்டுப் பக்கத்துலேயே உட்கார்ந்திருப்பாங்க. 'சரியாயிரும்'னுகூடச் சொல்லலை. "எத்தனைத்தா?"ன்னு கேட்பாங்க. "எட்டு"ம்பேன். நோட்டுல எழுதிக்குவாங்க. அவ்வளவுதான். அந்தப் பத்து நாள்ல எனக்கு எல்லாத்தையும்விடப் பெரிய மருந்து அதுதான்.

ராத்திரிக்கு ஒரு நரம்பு மாத்திரை கொடுத்தாங்க, குறைஞ்ச அளவுல. கூகுள்ல தேடினா அது மனச்சோர்வுக்குக் கொடுக்கற மாத்திரைன்னு போட்டிருந்தது. 'அப்போ எனக்கு மனசுல பிரச்னைன்னு முடிவு பண்ணிட்டாங்களா?'ன்னு ஒரே கோபம். போய்க் கேட்டேன். அதே மருந்து சின்ன அளவுல நரம்பு வலியையும் தலைவலியையும் தடுக்கும்னு விளக்கினாங்க. ஆரம்பத்துல வாய் வறண்டு, காலையில தூக்கம் தூக்கமா வந்துச்சு. போகப்போகப் பழகிருச்சு. கூகுள்கிட்ட சண்டை போடறதைவிட டாக்டர்கிட்ட சந்தேகம் கேட்கறது பெட்டர், ஃப்ரெண்ட்ஸ்.

கழுத்துக்கு பிசியோதெரபி. சுவத்துல முதுகைச் சாய்ச்சு நின்னு, தாடையைப் பின்னாடி இழுக்கணும். தினமும் ரெண்டு வேளை. எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, "சுவத்தோட என்ன சண்டை?"ன்னு கேட்டாங்க. "சமாதானம் பேசிட்டிருக்கேன் அக்கா"ன்னேன்.

ஒரு மாசம் கழிச்சு நோட்டை எடுத்து கிராஃப் போட்டேன். பழக்கதோஷம்! பார்த்தா, வலி நான் நினைச்ச மாதிரி கண்டபடி வரலை. காலைச் சாப்பாட்டை விட்ட நாள்கள்ல ஏறியிருக்கு. ராத்திரி படுத்துக்கிட்டுக் கழுத்தை வளைச்சு போன்ல ரீல்ஸ் பார்த்த நாளுக்கு மறுநாள் காலையில கட்டாயம் ஆறு, ஏழு. அஞ்சு மணி நேரத்துக்கும் குறைவாத் தூங்கினா போச்சு. இதையெல்லாம் யாராவது அட்வைஸா சொல்லியிருந்தா 'மொக்கை'ன்னு போயிருப்பேன். என் கையெழுத்துல, என் கிராஃப்லேயே இருந்தா என்ன பண்ண முடியும்?

*

அடுத்து செய்ய வேண்டியது ஒண்ணு பாக்கி இருந்துச்சு. பெஞ்ச்மேட்.

கேன்டீனுக்குப் பின்னாடி வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொன்னேன். வலது காது, கழுத்து, மாத்திரை, பொய், எல்லாம். அவ கேட்டுட்டு, "இவ்வளவு நாளா நான் செவுத்துக்கிட்ட பேசிட்டிருந்தேனா?"ன்னு கத்திட்டு, அப்படியே எழுந்து என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தா. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கம்தான்.

அவளும் நானும் ஒரு 'கோட்' வெச்சிருக்கோம். காலையில பார்த்ததும் "எத்தனை?"ன்னு கேட்பா. மூணுன்னா நார்மல். அஞ்சுன்னா டீ, கேன்டீன்ல இல்ல, மரத்தடியில. ஏழைத் தாண்டினா பேச்சே கிடையாது, நேரா வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டுட்டு, கிளாஸ் நோட்ஸை வாட்ஸ்அப்ல அனுப்பிருவா. 'ஐயோ பாவம்' கிடையாது. 'எங்க சித்திக்கும் இப்படித்தான்' கிடையாது. ஒரு நம்பர், அதுக்குத் தகுந்த ஒரு வேலை. உங்க ஃப்ரெண்டுக்கு இப்படி வெளியே தெரியாத வலி ஏதாவது இருந்தா, ப்ளீஸ், இந்த ஃபார்முலாவைத் தாராளமாக் காப்பி அடிங்க. இதுக்கு மட்டும் பறக்கும் படை வராது.

மார்ச்ல பிராக்டிகல் எக்ஸாம். சீட்டு எடுத்தா... வேற என்ன, ஸ்பெக்ட்ரோமீட்டர்! இந்தத் தடவை மேம்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். நடுவுல ரெண்டு தடவை வெளியே போய்க் கழுத்தை நிமிர்த்திட்டு வர விட்டாங்க. இருந்தாலும் கடைசி ரீடிங் எடுக்கும்போது வலி ஏழு. வெர்னியர் கோடு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சது. கண்ணாடிப் பட்டகத்தோட ஒளிவிலகல் எண் 1.5 பக்கத்துல வரணும். எனக்கு 1.71!

கை தானாப் பின்னாடியிலிருந்து கணக்குப் போடப் போச்சு. நிறுத்திட்டேன். 1.71-னே எழுதினேன். எக்ஸ்டர்னல் பார்த்துட்டு, "எப்படிம்மா இவ்வளவு தப்பு?"ன்னார். எந்த ரீடிங்ல, எதனால தப்பு வந்திருக்கும்னு சொன்னேன். மார்க் 60-க்கு 48. கிளாஸ்ல பாதிப் பேர் 55-க்கு மேல. பரவாயில்லை. மூணு வருஷத்துல நிஜமாவே என்னோடதுன்னு சொல்லிக்கற ஒரே பிராக்டிகல் மார்க் அதுதான்.

*

'அப்புறம் தலைவலி முழுசா போயிருச்சா?'ன்னு கேட்பீங்க. இல்லை. 2024 ஜனவரியில மாசத்துக்கு 27 நாள் வலி, 22 நாள் மாத்திரை. அதே வருஷம் டிசம்பர்ல 11 நாள் வலி, 5 நாள் மாத்திரை. இப்பவும் கிட்டத்தட்ட அங்கேதான் நிக்குது. சில பேருக்கு முழுசா போயிருது, சில பேருக்கு வருஷக்கணக்கா இருக்கும்னு டாக்டர் மறைக்காமச் சொல்லிட்டார். நான் எம்.எஸ்சி. சேர்ந்து, சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன். எட்டு பவுன்ல மூணு பவுன் வீட்டுக்குத் திரும்பியாச்சு. இந்தக் கட்டுரையை எழுதும்போது நடுவுல கால் மணி நேரம் படுத்துட்டு வந்தேன். இப்போ ரீடிங் மூணு.

ரெண்டு விஷயம் மட்டும் சீரியஸா சொல்லிடறேன். தலைவலி வந்தா உடனே 'எனக்கும் கட்டியோ'ன்னு பயந்துடாதீங்க. பெரும்பாலான தலைவலிக்கும் கட்டிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா, ஒரு காது மட்டும் கேட்கறது குறைஞ்சா, நடக்கும்போது தள்ளாடினா, இயர்போனைக் குத்தம் சொல்லாம டாக்டரைப் பாருங்க.

தலையில ஆபரேஷன் ஆனவங்க உங்க வீட்டுல இருந்தா, இது முக்கியம். காய்ச்சலோட கழுத்து விறைச்சா, மூக்கு வழியாவோ தையல் வழியாவோ தண்ணி மாதிரி கசிஞ்சா, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கை கால்ல பலவீனம் வந்தா, இல்லை, இதுவரைக்கும் இல்லாத புது மாதிரி வலி வந்தா, நோட்டுல எழுதிட்டு உட்கார்ந்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு. போன மாசம் ஒருநாள் காலையில அம்மா வழக்கம் போல "எத்தனைத்தா?"ன்னு கேட்டாங்க. "நாலும்மா. உனக்கு?"ன்னேன். "எனக்கென்ன, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு எழுந்தாங்க. எழும்போது ஒரு கை சுவத்தைப் பிடிச்சது, இன்னொரு கை முழங்காலைப் பிடிச்சது. அந்த 'ஒண்ணுமில்ல' எனக்கு நல்லாத் தெரியும். அதுல நான் டாக்டரேட் வாங்கினவளாச்சே!

"அம்மா... ரீடிங்கை மாத்தாதே"ன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "மாடிப்படி ஏறினா ஆறு"ன்னாங்க.

நோட்டுல ஸ்கேல் வெச்சு இன்னொரு கட்டம் போட்டிருக்கேன். அது அம்மாவுக்கு. சனிக்கிழமை மூட்டு டாக்டரைப் பார்க்கப் போறோம்.

நீங்களும் இன்னிக்கு யார்கிட்டயாவது "ஒண்ணுமில்ல, சூப்பரா இருக்கேன்"னு சொல்லியிருப்பீங்க. நிஜமான ரீடிங் எத்தனை? ஒரே ஒருத்தர்கிட்டயாவது போய்ச் சொல்லிருங்க!